நுரைக்காத சோப்பும் கைதான கிணறும்

பொன்னமங்கலம் சமஸ்தானத்தில் ஒரு கிணற்றைக் கைது செய்தார்கள். கிணறு செய்த குற்றம் என்ன? சோப்புக்கு நுரை கொடுக்கவில்லை. சிரிக்காதீர்கள். ஆட்சி என்று வந்துவிட்டால் இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் முத்திரை குத்தி வெளிவந்திருக்கிறது.

மகாராஜா கஜேந்திர பூபதிக்குத் தினமும் சவரம் செய்கிறவன் சடைமாயன். பேரில்தான் சடை. அவன் கத்தி பட்ட கன்னம் பளிங்கு. மகாராஜாவின் தொண்டையில் கத்தி வைக்கிற உரிமை சேனாதிபதிக்குக்கூடக் கிடையாது, எனக்கு உண்டு என்று அவனுக்கு உள்ளூர ஒரு கர்வம். நியாயமான கர்வம்.

அந்தக் கர்வத்துக்கு வேட்டு வைத்தது திவான் கீர்த்திவாசர் தொடங்கிய சமஸ்தான சோப்புச் சாலை. சாலைக்கென்று வந்த தேங்காயெண்ணெய் எப்படியோ வழி தவறித் திவான் வீட்டு அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தது. மிச்சமிருந்த சுண்ணாம்பும் களிமண்ணும் சேர்ந்து சோப்பு ஆயிற்று. அதன்மேல் மகாராஜாவின் முகத்தை அச்சுக் குத்தினார்கள். வேறு சோப்பு வைத்திருந்தால் பிரம்படி என்று தண்டோரா போட்டார்கள்.

முதல் நாள் சடைமாயன் அந்தக் கட்டியில் பிரஷ்ஷைத் தேய்த்தான். தேய்த்தான், தேய்த்துக்கொண்டே இருந்தான். கட்டியில் இருந்த மகாராஜாவின் மூக்குதான் தேய்ந்தது. நுரை ஒரு பொட்டுக்கூட வரவில்லை. வறண்ட கன்னத்தில் கத்தியை இழுத்தால் என்ன ஆகும்? மூன்று கீறல்.

"ஆ! அடே, என்னடா இது?"

"மகாராஜா, இந்தச் சோப்பு..."

திவான் குறுக்கே பாய்ந்தார். "சோப்பில் இருப்பது மகாராஜாவின் திருமுகம்! சோப்பு சரியில்லை என்றால் திருமுகம் சரியில்லை என்று அர்த்தம். அது ராஜத்துரோகம். யோசித்துச் சொல்லு சடைமாயா, குறை எதில்?"

சடைமாயன் யோசித்தான். "தண்ணியில இருக்கலாம் ஐயா."

அவ்வளவுதான். அன்றைக்கே ஊர்க்கிணற்று ராட்டினத்துக்கு விலங்கு மாட்டி, நாலு சிப்பாய்களைக் காவல் வைத்தார்கள். ஜனங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் நடந்து ஆற்றுக்குப் போனார்கள். அரண்மனைக்கும் ஆற்றுத் தண்ணீர் வந்தது. அதிலும் சோப்பு நுரைக்கவில்லை. ஆற்றையும் கைது செய்யச் சிப்பாய்கள் போனார்கள். 'நில்' என்று மூன்று தரம் சொல்லியும் அது நிற்கவில்லையாம்.

அடுத்து பிரஷ் மேல் சந்தேகம் வந்தது. அது சடைமாயனின் மனைவி பேச்சி வளர்த்த கிடாவின் தாடி மயிரில் கட்டிய பிரஷ். கிடாவைப் பிடித்தார்கள். சிறையில் இடமில்லை என்று திவான் வீட்டுக் கொல்லையில் கட்டினார்கள்.

பேச்சி பொரிந்து தள்ளினாள். "தண்ணின்னு ஒரு வார்த்தை சொன்னீரு, ஊரே என்னைப் பார்த்துக் காறித் துப்புது. இப்போ கிடாவும் போச்சு. இனி பிடிச்சிட்டுப் போக உம்ம கைதான்யா மிச்சம்!"

அவள் வாய் முகூர்த்தம் பலித்தது.

"கிணற்றை விசாரித்தோம், ஆற்றை விசாரித்தோம், கிடாவையும் விசாரித்தோம்" என்றார் திவான். "பாக்கி இருப்பது இவன் கை ஒன்றுதான் மகாராஜா."

மகாராஜா கன்னத்துக் கீறலைத் தடவிக்கொண்டார். "நாளைக்கு என் பிறந்தநாள் தர்பார். எல்லார் கண் முன்னாலும் நீ எனக்குச் சவரம் செய்ய வேண்டும். சமஸ்தானத்துச் சோப்பில் நுரை வர வேண்டும். வராவிட்டால் உன் வலது கை உனக்கில்லை."

சடைமாயன் தன் வலது கையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, "சமஸ்தானத்துச் சோப்பு. அதில் நுரை. அவ்வளவுதானே மகாராஜா?" என்று கேட்டான்.

"அவ்வளவுதான்."

மறுநாள் தர்பார் நிரம்பி வழிந்தது. சடைமாயன் மகாராஜாவின் கழுத்தில் துண்டைக் கட்டினான். வெந்நீரில் பிரஷ்ஷை நனைத்தான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்னடா நிற்கிறாய்?"

"நல்ல வார்த்தை நாலு காதில் விழுந்தால்தான் இந்தச் சோப்பு நுரைக்கும் மகாராஜா. திவான் ஐயா பக்கத்தில் நின்று தங்களை வாழ்த்தட்டும்."

கேட்க வேண்டுமா! திவான் அங்கவஸ்திரத்தை இழுத்து விட்டுக்கொண்டு ஆரம்பித்தார். "மகாராஜா! சூரியன் தங்களிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் மறைகிறான்! நம் ஆறு வளைந்து ஓடுவது எதனால்? தங்கள் புருவத்தைப் பார்த்து! தாங்கள் தும்மினால் அண்டை நாட்டில் மழை!"

மகாராஜா கண்ணை மூடி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. திவான் நிறுத்தவில்லை. அவர் கடைவாய் இரண்டிலும் வெள்ளை வெளேரென்று நுரை திரண்டது.

சடைமாயன் இதற்குத்தான் காத்திருந்தான். பிரஷ்ஷைத் திவானின் கடைவாயில் வைத்து ஒரு சுழற்று. நுரை பொங்கியது. அப்படியே மகாராஜாவின் கன்னத்தை நோக்கிக் கொண்டுபோனான். ஒரு விரல் தூரம் இருக்கும்போது மகாராஜா கண்ணைத் திறந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அடே பாவி! என்ன அக்கிரமம் இது?"

"உத்தரவுப்படிதான் மகாராஜா. சமஸ்தானத்துச் சோப்பு, அதில் நுரை. திவான் ஐயா இத்தனை வருஷமாகத் தங்களுக்குத் தினமும் போடுகிற சோப்பு இதுதானே?"

மகாராஜா பிரஷ்ஷைப் பார்த்தார். திவானின் வாயைப் பார்த்தார். "ஒரு மணி நேரம் நானும் தலையாட்டினேனே!" என்றார். அப்புறம் வெடித்துச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் மூன்று கீறலும் மறுபடி வாய் திறந்துகொண்டன.

"நாளை முதல் திவானுக்கு அவருடைய சோப்பிலேயே சவரம்! சடைமாயா, உனக்கு என்ன வேண்டும், கேள்!"

"கை இருக்கிறது மகாராஜா, அது போதும். ஊர் தாகத்தில் கிடக்கிறது. கிணற்றை விடுங்கள். பேச்சியின் கிடாவையும் விடுங்கள்."

கிணறு அன்று மத்தியானமே விடுதலையாயிற்று. கிடாவைக் கேட்டுத் திவான் வீட்டுக் கொல்லைக்குப் போன சிப்பாய்கள் கயிற்றை மட்டும் கொண்டுவந்தார்கள். அது விசாரணையின்போது தப்பிவிட்டதாம். அந்தத் தெரு முழுக்கத் தேங்காயெண்ணெயில் வறுத்த கறி வாசனை.