உடுக்கை அடியை எண்ணியவர்

"மேடம், நாலாவது அத்தியாயம் போச்சு," என்றார் செங்குட்டுவன்.

பேராசிரியர் மெஹ்ருன்னிசா ஏறிட்டுப் பார்த்தார். வழிகாட்டி அவர்தான் என்றாலும், வயதில் ஆய்வு மாணவர் ஆறு ஆண்டு மூத்தவர்.

"போச்சுன்னா?"

"உயிரே போச்சு."

"உக்காருங்க. அடக்கம் பண்றதுக்கு முன்னால ஒரு தடவை நாடி பார்த்துடலாம்."

செங்குட்டுவன் சிரிக்கவில்லை. ஐந்தாண்டு உழைப்பு. ஆய்வேட்டை ஒப்படைக்கக் கடைசியாகக் கிடைத்த கெடு இரண்டே மாதம். அந்த ஏடு முழுவதும் நாலாவது அத்தியாயத்தின் மேல்தான் நின்றது.

அவர் சாமி படம் இல்லாத வீட்டில் வளர்ந்தவர். அருள் எதனால் வருகிறது என்பதை அறிவியலாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தத் துறைக்கு வந்தார். வறண்ட சீமை ஒன்றில், கண்மாய்க்கரை அம்மன் கோவில். செவ்வாய்தோறும் குருவம்மா என்பவள் மேல் அம்மன் இறங்கிக் குறி சொல்லும். உடுக்கை அடிப்பவர் இருளாண்டி. கழுத்தில் ஸ்டாப்வாட்சும் மடியில் நோட்டுமாக இரண்டு வருடம் அங்கே உட்கார்ந்து செங்குட்டுவன் அடிகளை எண்ணினார். நிமிடத்துக்கு நூற்று நாற்பதைத் தாண்டினால் அருள் வந்துவிடும். அந்தக் கணக்கு ஒரு முறைகூடப் பொய்க்கவில்லை.

"அதுல இப்ப என்ன கோளாறு?"

"எப்ப வேகமெடுக்கணும்னு எப்படி முடிவு பண்றீங்கன்னு நேத்து இருளாண்டிகிட்ட சும்மா கேட்டேன். 'நீங்க நோட்டை விரிச்சதும்'னார்."

மெஹ்ருன்னிசா பேனாவைக் கீழே வைத்தார்.

"பஸ் கிடைக்காம நான் ஒரு மணிக்குப் போன அன்னிக்கு, ஒரு மணிக்குத்தான் அருள் வந்திருக்கு. மழையில நோட்டு நனைஞ்ச அன்னிக்கு உடுக்கை கடைசிவரைக்கும் வேகமெடுக்கவே இல்லை. நான் அங்கே வேடிக்கை பார்க்கப் போனவன் மேடம். இப்பப் பார்த்தா, அம்மனை வரவச்சதே நான்தான்."

"ஏன் உங்களுக்காகக் காத்திருந்தாராம்?"

"எழுதறவர் தயாராகறதுக்குள்ள அம்மன் பேசிட்டா, அது சொன்ன வாக்கு வீணாப் போயிருமாம்."

"நியாயம்தானே. அம்மன் என்ன சொல்லுச்சு?"

"எப்ப மேடம்?"

"இந்த ரெண்டு வருஷமா."

செங்குட்டுவன் கையிலிருந்த நோட்டைப் புரட்டினார். மூடினார்.

"அது என் ஆய்வுக் கேள்வியில வராது மேடம்."

மெஹ்ருன்னிசா, அவர் கொண்டுவந்திருந்த காகிதக் கட்டிலிருந்து நாலாவது அத்தியாயத்தை மட்டும் உருவினார். அறுபது பக்கம். மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"அடுத்த செவ்வாய் போங்க. யாராவது ஒருத்தருக்குச் சொன்ன குறியை முழுசா எழுதிட்டு வாங்க. இது பிழைக்குமா பிழைக்காதான்னு அப்புறம் பேசலாம்."

*

அந்தக் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் குறி இன்னொருவர் காதில் விழக்கூடாது. மற்றவர்கள் இருபதடி தள்ளி நிற்பார்கள். அம்மன் முன்னால் குருவம்மா, இருளாண்டி, கேட்க வந்தவர், இந்த மூன்று பேர்தான். எழுதுகிறவரை மட்டும் நாலாவது ஆளாகச் சேர்த்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை செங்குட்டுவன் போய் உட்கார்ந்ததும் ஒரு பெண் நேராக அவரிடம் வந்தாள். ஐம்பது வயது இருக்கும்.

"என்னைத் தெரியுதா? பஞ்சவர்ணம். தை மாசம் என் மகனுக்காகக் கேட்டேன்."

அவருக்குத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"திருப்பூருக்கு வேலைக்குப் போன பய. ஆறு வருசமா ஒரு தாக்கல் தகவல் இல்ல. வர்ற அமாவாசைக்கு அவனுக்குக் கருமாதி பண்ணியே தீரணும்னு என் கொழுந்தமாருக நிக்கிறாக. அம்மன் ஒரு மாசத்தைச் சொல்லி, அதுவரைக்கும் பொறுன்னுச்சு. அழுகையில எந்த மாசம்னு காதுல ஏறல. ஒங்க நோட்டுல பார்த்துச் சொல்லுங்க."

"குருவம்மாவைக் கேட்டீங்களா?"

"அம்மன் மலையேறிட்டா அவளுக்கு எது ஞாபகம் இருக்கும்?"

"என்னைக் கேக்காதீக," என்றார் இருளாண்டி, உடுக்கைக் கயிற்றை இழுத்துப் பார்த்தபடி. "தட்டுற கைக்குக் காது ஏது? எழுதறவரு எழுதியிருப்பாரு தாயி, கவலைப்படாதன்னு நான்தான் சொல்லிவச்சேன்."

தை மாத நோட்டு பையில் இருந்தது. பிரித்தார். அந்தச் செவ்வாய்க்கு நேரே அவருடைய கையெழுத்து.

மணி 11.42. நிமிடத்துக்கு 148. தகவலாளி 37. பெண். நான்கு நிமிடம்.

ஒரு மாதத்தின் பெயர்தான். மார்கழி என்று எதையாவது சொல்லிவைத்தால் போதும். அவள் தெம்பாகத் திரும்பிப் போய்க் கருமாதியை நிறுத்திவிடுவாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"எழுதலம்மா."

"நீங்க என் பக்கத்துலதான இருந்தீக?"

"இருந்தேன்."

"பெறகு?"

"உடுக்கை அடியை எண்ணிக்கிட்டிருந்தேன்."

இருளாண்டி கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "என் அடியையா? நானே அதை எண்ணுனதில்லையே ஐயா."

பஞ்சவர்ணம் நோட்டைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் வெகுநேரம் பார்த்தாள்.

"மறுக்காக் கேக்குறேன்," என்றாள். "சொன்னதையே திரும்பக் கேட்டா அம்மனுக்குக் கோவம் வரும். வந்தா வரட்டும். இன்னிக்காச்சும் எழுதுங்க."

செங்குட்டுவன் ஸ்டாப்வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டார். புதுப் பக்கம் ஒன்றை விரித்தார்.

உடுக்கை வேகமெடுத்தது.

குருவம்மாவின் தோள் குலுங்கியது. கூந்தல் அவிழ்ந்தது. அம்மன் கோபமாகத்தான் பேசியது. அவர் எழுதினார். பேச்சு முந்தியது, கை பின்தங்கியது. இத்தனை நாள் எண்களை எழுதிப் பழகிய கை.

"அம்மா, கொஞ்சம் நிதானமா," என்றார்.

யாரிடம் சொன்னோம் என்பது சொன்ன பிறகே அவருக்கு உறைத்தது.

குரல் நிதானித்தது.

எல்லாம் முடிந்து குருவம்மா ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கூந்தலை முடிந்துகொண்டாள். பஞ்சவர்ணம் எழுந்து வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"வாசிங்க."

அவர் வாசித்தார்.

"ஒருக்கா சொன்னதை மறுக்கா ஏண்டி கேக்குற. ஒன் பிள்ளை செத்தான்னும் நான் சொல்லமாட்டேன், இருக்கான்னும் சொல்லமாட்டேன். கார்த்திகை வரைக்கும் அவனுக்கு ஒரு வாய் சோறு எடுத்து வை. அதுவரைக்கும் அவனைச் செத்தவன்னு சொல்ல ஒருத்தனுக்கும் வாய் கிடையாது. கார்த்திகை போயும் வரலைன்னா அழு. தனியா அழாத. நானும் வந்து ஒங்கூட உக்காந்து அழுறேன்."

கடைசி வரியை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

பஞ்சவர்ணம் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அவருக்கு உடம்பு கூசியது.

"அம்மா, கையை இறக்குங்க. என்னைப் போயி கும்பிடாதீங்க."

பஞ்சவர்ணம் கண்ணைத் திறக்கவில்லை.

"ஒங்களை யாரு கும்பிட்டா? இன்னொருக்கா வாசிங்க."