பவளத்தின் ஓட்டு யாருக்கு

அன்று காலை ஆறு மணிக்கு, சாத்தனேந்தல் கீழத்தெரு மூன்றாம் எண் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் மாசிலாமணி, அவர் தம்பிகள் கோதண்டமும் திருவேங்கடமும், மனைவி வேதவல்லி. ஆக நான்கு பேர். கண்ணாடித் தொட்டிக்குள் உப்புத் தண்ணீரில் உயிருள்ள கடல் பவளம் ஒன்று. அதை ஒன்று என்று கணக்கு வைப்பதா, அதன் விரல்களை எண்ணி அறுபத்து நான்கு என்று வைப்பதா என்பதில்தான் தகராறே.

பவளம் மாமனார் கொடுத்தது. அன்று காலை எட்டு மணி பஸ்ஸில் அவர் வருகிறார். பவளம் வாடியிருந்தால் எடுத்துக்கொண்டு போய்க் காரைக்குடியில் மூத்த மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். சகலை வீட்டுக்கு ஏற்கனவே பிரிட்ஜும் தேக்குக் கட்டிலும் போயிருந்தன. பவளமும் போய்விட்டால் அப்புறம் எந்த முகத்தோடு கல்யாணப் பந்தியில் சகலை பக்கத்தில் உட்காருவது என்று மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

தொட்டியின் டியூப் லைட் இரண்டு நாளாக எரியவில்லை. கடைக்காரர் வெள்ளை ஒன்றும் நீலம் ஒன்றும் கொடுத்து, மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், எது பிடிக்கிறதோ அதற்குப் பவளம் விரலை நீட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

வெள்ளையைப் போட்டார்கள். இருபத்தொன்பது விரல் நீண்டது. நீலத்தைப் போட்டார்கள். முப்பத்தொன்று.

"நீலம் ஜெயிச்சிருச்சு," என்றான் கோதண்டம்.

திருவேங்கடம் ஒத்துக்கொள்ளவில்லை. நாலு பேர் எட்டுக் கண்ணால் முறைத்துக்கொண்டு நின்றால் எந்த வாக்காளன் மனசாட்சிப்படி ஓட்டுப் போடுவான் என்று கேட்டான். ஓட்டு ரகசியமாக இருக்க வேண்டும். மாசிலாமணிக்கும் அது நியாயமாகப் பட்டது. வேதவல்லியின் கெட்டிப் போர்வையால் தொட்டியை மூடி, போர்வைக்கு மேலே இரண்டு விளக்கையும் எரியவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் ஒரு விரல்கூட வெளியே இல்லை.

"தேர்தல் புறக்கணிப்பு," என்றான் திருவேங்கடம், குரலைத் தாழ்த்தி.

அண்ணன் தம்பி மூவரும் தரையில் உட்கார்ந்து யோசித்தார்கள். காரணத்தைக் கண்டுபிடித்தவன் கோதண்டம். "அண்ணே, ஓட்டுச்சாவடிக்கு நூறு மீட்டருக்குள்ள வேட்பாளர் நின்னு ஓட்டுக் கேக்கக் கூடாது. இவனுங்க ரெண்டு பேரும் வாக்காளர் தலைமேலயே நிக்கிறானுங்க."

உடனே இரண்டு லைட்டையும் தூக்கிக்கொண்டு போனார்கள். மாசிலாமணி நூறு மீட்டருக்குக் காலடி எண்ணிக்கொண்டே நடந்தார். நூற்று முப்பத்தோராவது காலடியில் ஓர் ஆட்டுக் கொட்டகை. அங்கே மின்சாரம் கேட்டு வாங்கி, இரண்டையும் எரியவிட்டுத் திரும்பினார்கள்.

இதற்குள் வேதவல்லி, புழுக்கம் தாங்காமல் கூடத்தின் கிழக்கு ஜன்னலைத் திறந்திருந்தாள். வெயில் நேராகத் தொட்டியில் விழுந்தது. அறுபத்து நான்கு விரலும் நீண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து மாமனார் பையோடு உள்ளே வந்தார்.

"அடடே, என்ன செழிப்பு. என்ன லைட் போட்டீங்க மாப்பிள்ளை?"

ஆமாம் நீலம்தான் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மாசிலாமணிக்குப் பொய் வராது. "மாமா, அத்தனையும் செல்லாத ஓட்டு. எல்லாரும் ஜன்னலுக்குப் போட்டிருக்காங்க. ஜன்னல் மனுவே போடலை."

மாமனார் விவரம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பெண் கொடுக்கும்போது அவர் தம் குடும்பத்துக்கு ஏற்ற இடமாகப் பார்த்துத்தான் கொடுத்திருந்தார். "மனுவை இப்ப வாங்கிக்கலாம். ஆனா சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு. ஜன்னலும் நூறு மீட்டர் தள்ளித்தான் நிக்கணும்," என்றார்.

கடப்பாரையால் ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்தார்கள். கம்பி ஐந்து, கதவு இரண்டு, எதுவும் சேதமில்லை. கொட்டகையில் நீல லைட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். சுவரில் இருந்த பெரிய ஓட்டை வழியாக வெயில் இன்னும் தாராளமாக வந்தது. அதே அறுபத்து நான்கு.

"ஊர்க்கோடியில நின்னே ஜெயிச்சிருக்கானே," என்று மாமனார் வியந்தார். ஜெயித்தவரைத் தொகுதிக்கு அழைத்துவர வேண்டும் என்றார். ஜன்னலைத் தூக்கிவந்து தொட்டியின் மேலே விளக்கு இருந்த இடத்தில் படுக்க வைத்தார்கள். ஓட்டை வழியாகத் தெருநாய் எட்டிப் பார்த்தது. வேதவல்லி சத்தம் போட்டதால், பின்கட்டில் கிடந்த செங்கல் நாற்பத்தேழையும் அடுக்கி ஓட்டையை அடைத்தார்கள்.

கூடம் இருட்டியது. விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

"பதவிக்கு வந்ததும் புத்தியைக் காட்டிட்டான்," என்றான் கோதண்டம்.

மாசிலாமணி மாமனாரின் பையைப் பார்த்தார். "அப்ப, பவளம் காரைக்குடிக்கா மாமா?"

"அதெப்படி மாப்பிள்ளை? இடைத்தேர்தல் நடத்தாம வாக்காளரை வேற ஊருக்குக் கொண்டு போக முடியுமா? அடுத்த வேட்பாளரை நிறுத்துங்க."

மாசிலாமணி எழுந்து, வீடு முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். சந்தேகத்துக்கு இன்னொரு சுற்றும் சுற்றினார். பிறகு நிம்மதியாகச் சோறு போடச் சொன்னார். வீட்டில் இன்னும் ஐந்து ஜன்னல் மிச்சம் இருந்தது.