குட்டைக்கு நடுவே ஒரு வரப்பு

தவளைகளும் நம்மைப் போலப் பேசி, நம்மைப் போலச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலைக் கணவாயின் அடியில் ஒரு குட்டை இருந்தது. அங்கே ஆடியில் மேற்கிலிருந்து மழை வரும், ஐப்பசியில் கிழக்கிலிருந்து வரும். அதனால் மேற்குக்கரைத் தவளைகள் மேற்கே பார்த்து மழைச்சாமியைப் பாடின. கிழக்குக்கரைத் தவளைகள் கிழக்கே பார்த்துப் பாடின. ஒரு கரை பாடும்போது மறு கரை வாயை மூடிக்கொண்டு கேட்கும். முடிந்ததும், "நல்லாப் பாடுனீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லும். மதம் என்று அவர்களுக்கு இருந்தது அவ்வளவுதான்.

பாசிக்கண்ணி கிழக்கே பிறந்து மேற்கே வாழ்க்கைப்பட்டவள். வைகாசிக் கடைசியில் பெய்த கோடை மழையில் முட்டையிட்டாள். நாற்பது தலைப்பிரட்டைகள் தேறின. கால் முளைக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அந்த வருஷம் பார்த்து ஆடி மழை பொய்த்தது. குட்டை வற்றி, நடுப்பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நின்றது. இரண்டு கரையும் அதற்குள் வந்து முட்டி மோதின.

தண்ணீர் போதவில்லை என்று சொல்ல எல்லோருக்கும் வெட்கமாக இருந்தது. சாமி பேரைச் சொல்ல ஒருவருக்கும் வெட்கமில்லை.

"நம்ம சாமி வர்ற திசைக்கு முதுகக் காட்டிக்கிட்டுக் கும்பிடுறானுங்க. அப்புறம் மழை எப்படிப் பெய்யும்? நடுவுல வரப்பப் போடுங்கடா!" என்றார் மேற்குக்கரைத் தலைவர் தொப்பையப்பன்.

கிழக்குக்கரையிலும் அதே பேச்சுதான், திசை மட்டும் வேறு. அதோடு விட்டார்களா? கண்ணை மூடிப் பாடுவதுதான் சுத்தம், திறந்து பாடுவது தீட்டு என்று மேற்குக்கரையிலேயே பாதிப் பேரைப் பாறைக்குப் பின்னால் விரட்டினார்கள். தொப்பையப்பனின் கூடப்பிறந்த தம்பியும் அதில் போனான். தண்ணீரில் கொஞ்சம் இடம் கிடைத்தது.

மேட்டு மண் காய்ந்து இறுகிக் கிடந்ததால், பள்ளத்தின் அடிக்களிமண்ணை வாரி வரப்பு போட்டார்கள். பாசிக்கண்ணி தாவி வந்து குறுக்கே நின்றாள்.

"மாமா, களிமண்ணத் தோண்டாதீங்க. அதுக்குக் கீழ மணலு. தண்ணி பூரா இறங்கிரும். எம் புள்ளைங்களுக்குக் கால் முளைக்கட்டும், பத்து நாள் பொறுங்க!"

"நீ கிழக்குக்காரி, வேற எப்படிப் பேசுவ?" என்றார் தொப்பையப்பன். "நம்ம ஆளுதான்னா ஒரு கை மண்ணு அள்ளு. இல்லைன்னா புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போ."

அவள் எதிர்க்கரையைப் பார்த்தாள். அவளுடைய அண்ணனும் அங்கே மண் சுமந்துகொண்டிருந்தான். "அண்ணே, நீயாவது சொல்லேன்!"

"மேற்க போனவளுக்கு இங்க என்ன பேச்சு?" என்று அவன் திரும்பிக்கொண்டான்.

கால் முளைக்காத பிள்ளைகளோடு எங்கே போவாள்? பாவி, அவளும் குனிந்து ஒரு கை களிமண் அள்ளினாள்.

மறுநாள் உச்சிவேளைக்குள் தண்ணீர் முழுவதும் மணலில் இறங்கிவிட்டது. வரப்பு மட்டும் ஜம்மென்று நின்றது. அவள் பிள்ளைகளில் இருபத்திரண்டு இந்தப் பக்கம், பதினெட்டு அந்தப் பக்கம். ஈரச் சேற்றை வாயில் கவ்வி வந்து அவற்றின் மேல் பிழிந்து பார்த்தாள். நாற்பதும் வாலை அடித்து அடித்து அடங்கின.

மூன்றாம் நாள் மழை கொட்டியது. மேற்கிலிருந்தும் இல்லை, கிழக்கிலிருந்தும் இல்லை, நேரே தலைக்கு மேலிருந்து.

"எங்க சாமி!" என்று மேற்குக்கரை கத்தியது. "எங்க சாமி!" என்று கிழக்குக்கரை கத்தியது. பாறைக்குப் பின்னாலிருந்தும் அதே கத்தல். யாருக்காகவும் யாரும் வாயை மூடவில்லை.

பாசிக்கண்ணி வரப்பின் மேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினாள். "எம் புள்ளைங்க செத்துப்போச்சு! நானும்தான் மண்ணு அள்ளுனேன்!"

"பாத்தியா, எவ்வளவு பக்தியா பாடுறா!" என்று மெச்சிக்கொண்டார் தொப்பையப்பன்.

அன்று முதல்தான், நாலு தூறல் விழுந்ததும் தவளைகள் எல்லாம் ஒரேயடியாகக் கத்தத் தொடங்கிவிடுகின்றன. அதில் ஒருத்தி அழுதாலும் யாருக்கும் தெரிவதில்லை.