கசகசா மொட்டின் தலைகுனிவு

அந்தக் காலத்தில், செடிகொடியும் விலங்கும் ஒரே பாஷை பேசித் திரிந்தபோது, ஒவ்வோர் உடம்புக்குள்ளும் தூக்கத்துக்கென்று ஓர் அறை இருந்தது. அதை ஒட்டினாற்போல் மூச்சுக்கும் ஓர் அறை. தூக்கத்தின் கதவு திறந்தால் வலி மறந்து கண் சொக்கும். மூச்சின் கதவை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. திறந்தால் மூச்சு வெளியே போய்விடும்.

கசகசாச் செடி தன் பாலில் சாவிகள் செய்து வைத்திருந்தது. ஒவ்வொரு சாவியின் பல்லிலும் ஒரு சின்னக் குல்லா. அது இடித்துக்கொண்டு சாவியை முழுக்கத் திரும்ப விடாது. தூக்கத்தின் கதவு பாதி திறக்கும், அவ்வளவுதான்.

இதைச் சொல்லிச் சொல்லியே ஊமத்தை கேலி செய்யும். ஊமத்தையின் சாவியோ கோணல். அதைத் தின்றவர்கள் தூங்காமல் கண்டபடி பிதற்றுவார்கள். ஆனாலும் பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. கசகசாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும்.

ஒருநாள் கால் முறிந்த புள்ளிமான் ஒன்று நொண்டிக்கொண்டு வந்து கசகசாவின் அருகில் விழுந்தது. கூடவே பால்குடி மறக்காத குட்டி. கொஞ்சம் தூங்கி எழுந்தால்தான் குட்டிக்குப் பால் கொடுக்கத் தெம்பு வரும் என்று மான் கெஞ்சியது. கசகசா ஒரு சாவி கொடுத்தது. வலி தணிந்து மானின் இமை மெல்லத் தாழ்ந்தது. சற்றுப் பொறுத்திருந்தால் போதும்.

"இன்னும் முழிச்சிட்டுத்தான் இருக்கு பாரு. உன் மருந்துக்குக் கொட்டாவிதான் வரும்" என்றது ஊமத்தை.

கசகசாவுக்குச் சுருக்கென்றது. அடுத்த சாவியின் குல்லாவைக் கழற்றி எறிந்துவிட்டுக் கொடுத்தது.

சாவி முழு வட்டம் சுழன்றது. மான் அடித்துப் போட்டாற்போல் உறங்கியது. கசகசா ஊமத்தையைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. குல்லா இல்லாத சாவி பக்கத்து அறையையும் திறந்துவிட்டது என்பது, மானின் விலா அசையாமல் நின்ற பிறகுதான் அதற்குப் புரிந்தது.

குட்டிக்கு ஒன்றும் தெரியாது. தாயை முகர்ந்துவிட்டுக் கசகசாவிடம் வந்தது.

"அம்மா வலியில்லாம தூங்குறாங்க அத்தை, உங்களாலதான். எப்போ எழுப்புவீங்க?"

கசகசாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. குல்லாவைக் கழற்றியது மானுக்காக இல்லை, தன் பெருமைக்காக. அது அதற்கே தெரியும். குட்டியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

அன்று முதல்தான் கசகசாச் செடி மொட்டிலேயே தலைகுனிந்து நிற்கிறது. தன் விதைகளை மட்டும் ஒரு சாவியும் கொடுக்காமல், வெறுங்கையோடு அனுப்பிவைக்கிறது. அதனால்தான் நாம் சமையலுக்கு அரைக்கும் கசகசாவில் அந்த மயக்கும் பால் இல்லை.