சேற்றில் கிடந்த வாள்

பர்மா மலைநாட்டில், ஷான் ஊருக்கும் கச்சின் ஊருக்கும் நடுவே ஓடும் எல்லை ஓடையில் ஒரு ஷான்காரரின் எருமை வெட்டுப்பட்டுச் செத்துக் கிடந்தது. பக்கத்துச் சேற்றில் ஒரு வாள், உறையோடு.

மலையடி மடத்து முற்றம் நிறைந்துவிட்டது. இந்தப் பக்கம் ஷான்கள், அந்தப் பக்கம் கச்சின்கள். எல்லார் தோளிலும் வாள்.

"வெட்டினது அவங்கதான். ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே இறங்குறோம்!" ஷான் தலைவர் சாய் மோங்குக்கு முரசுக் குரல்.

"இறங்குங்களேன்... எங்களுக்கு மட்டும் கை இல்லையாக்கும்..." கச்சின் தலைவர் காம் மூக்கால் இழுத்தார்.

பெரிய பிக்கு தன் சீடர் நந்தியாவிடம் வாளை நீட்டினார். துறவுக்கு முன் நந்தியா மாந்தலேயில் வாள் வியாபாரி.

"யாருது?"

"ஒரு பக்கம் திறந்த மர உறை. கச்சின் வேலை, சுவாமி. சந்தேகமே..."

"அலகு?"

நந்தியா உருவிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "ஷான் கொல்லர் அடிச்சது."

"பிடி?"

"பிரம்புப் பின்னல். தெற்கே கரென் இனத்தார் கட்டுறது."

"கரென்னா? அவன் எங்கேய்யா வந்தான் நடுவுல?" என்றார் காம்.

"இது யார் வாள் ஜாடைன்னு ஒப்பிட்டுப் பார்த்துடலாம். எல்லாரும் வாளைக் கழற்றி உள்ளே வையுங்க" என்றார் பிக்கு.

"முதல்ல அவர் வைக்கட்டும்" என்றார் சாய் மோங்.

"ஏன், உங்களுது இரவல் வாளா?" என்றார் காம்.

சாய் மோங் படாரென்று கழற்றினார். காமும் கழற்றினார். பிறகு எல்லாரும்.

நந்தியா சாய் மோங்கின் வாளை எடுத்தார். கச்சின் உறை.

"மச்சான் கொடுத்தது. அதுக்கென்ன இப்போ?"

காமின் வாளை எடுத்தார். ஷான் அலகு.

"சந்தையில அதுதான் நல்லா இருந்துச்சு..."

நந்தியா குவியலோடு உள்ளே உட்கார்ந்துவிட்டார். முற்றத்தில் வெயில் ஏறியது. செத்த எருமையை ஏன் வீணாக்கணும் என்று யாரோ கேட்டார்கள். மடத்து வேலிக்கு வெளியே புகை எழுந்தது.

சாயங்காலம் நந்தியா பிக்குவிடம் வந்தார்.

"தோத்துட்டேன், சுவாமி. ஒண்ணுகூட ஒரே இனத்து வாள் இல்லை. வெளியே போய் அவங்ககிட்ட என்ன சொல்வேன்?"

பிக்கு ஜன்னல் வழியே பார்த்தார். சட்டியைச் சுற்றிக் கூட்டம்.

"உப்பு பத்தாதுய்யா!"

"போட்டது உங்க ஆளு..."

பிக்கு திரும்பினார்.

"அவசரமில்லை. முதல்லேருந்து இன்னொரு தடவை பார்."