சீமாட்டிக்கு ஒரு கிளை

குற்றால மலையடிவாரத்தில் நசீர் என்பவர் பாம்புகளைப் பராமரித்து வந்தார். ஆசையாக வாங்கியவர்கள் பிறகு வேண்டாமென்று கைவிடும் பாம்புகள் அவரிடம்தான் வந்து சேரும். அவருக்கு வயது முப்பத்தைந்து. அவரிடம் கற்க வந்த பிலோமினாவுக்கு அறுபத்தொன்று. அரசு மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை நின்றும் கைகள் சும்மா இருக்கவில்லை.

அவர் நசீரை சார் என்பார். நசீர் அவரை சிஸ்டர் என்பார்.

ஒரு நாள் ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்று வந்தது. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சிறிய வகை. வளர்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர் சீமாட்டி. உரசுவதற்கு எதுவும் இல்லாத வழவழப்பான பெட்டியில் கிடந்ததால், போன முறை அதன் சட்டை துண்டு துண்டாகத்தான் உரிந்திருந்தது. கண்களை மூடிய தோல் உரியவே இல்லை. இப்போது கண்கள் மறுபடியும் பால்போல வெளுத்திருந்தன. அடுத்த சட்டைக்கு நேரம் நெருங்கிவிட்டது.

"இந்தத் தடவையும் கண்ணுல தங்கிட்டா, சார்?"

"பார்வை போயிரலாம். உரசிக்க அவளுக்கு ஒரு கட்டை வேணும். நீங்க தயார் பண்ணுங்க, சிஸ்டர்."

பிலோமினா உடனே கிளம்பினார். ஓடைக்கரையில் விழுந்து கிடந்த அழகான கிளை ஒன்றைத் தூக்கி வந்தார்.

நசீர் கேட்டார், "என்ன மரம்?"

"தெரியல சார். ஆனா நல்ல வளைவா இருக்கு."

"லேபிள் இல்லாத ஊசி மருந்தை நோயாளிக்குப் போடுவீங்களா?"

பிலோமினா கிளையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரைக்கே திரும்ப நடந்தார்.

அடுத்த நாள் தன் வீட்டுக் கொய்யா மரத்திலிருந்து ஒரு கிளையை வெட்டினார். மருந்து அடிக்காத மரம். தியேட்டரைத் துடைக்கிற பழக்கத்தில், கிளையை பினாயிலில் ஊறவைத்து, தேய்த்து, காயவைத்துக் கொண்டுவந்தார்.

"ஒரு கிருமி இருக்காது சார்."

நசீர் கிளையை வாங்கிக்கொண்டார். காலியாக இருந்த கண்ணாடிப் பெட்டி ஒன்றில் கிளையை வைத்து மூடி, விளக்கைப் போட்டார். பெட்டி சூடாகும்வரை இருவரும் தேநீர் குடித்தார்கள்.

பிறகு அவர் மூடியைத் திறந்தார். "தலையை உள்ள விட்டு மூச்சு இழுங்க, சிஸ்டர்."

பிலோமினா குனிந்தார். இழுத்த வேகத்தில் இருமலோடு தலையை வெளியே எடுத்தார். கண்களில் நீர் கொட்டியது.

"ஏன் வெளிய வந்துட்டீங்க?"

"இருக்க முடியல சார்."

"அவளால வெளிய வர முடியாது."

பிலோமினா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு கிளை வெட்டறேன்," என்றார்.

இந்த முறை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பெயர்ந்து நின்ற பட்டையை எல்லாம் சுரண்டி எடுத்தார். சோப்பு இல்லாமல், வெறும் தண்ணீர் விட்டு பிரஷ்ஷால் தேய்த்தார். பெரிய அண்டாவில் கொதிக்கவைத்தார். கிளை அண்டாவைவிட நீளம். ஒரு பாதி கொதித்ததும் மறுபாதியைத் திருப்பிப் போட்டார். தண்ணீரில் பழுப்பு இறங்கியது. அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மீண்டும் கொதிக்கவிட்டார். அண்டாவில் சிறு எறும்புகள் செத்து மிதந்தபோது, மரத்துக்குள் இவ்வளவு பேர் குடியிருந்தார்களா என்று வியந்தார்.

வெயிலில் வைத்தார். அன்று பார்த்து மலையில் சாரல் இறங்கியது. மறுநாளும் வெயில் வரவில்லை.

சீமாட்டியின் கண்கள் தெளியத் தொடங்கின. சட்டை கழற்றுவதற்குச் சற்று முன்பு அப்படித்தான் ஆகும்.

நசீர் கிளையைத் தொட்டுப் பார்த்தார். "மேல காஞ்சிருக்கு. வச்சிரலாமா, சிஸ்டர்?" அவர் குரலில் முதல்முறையாக அவசரம் தெரிந்தது.

பிலோமினா கிளையைக் கையில் தூக்கிப் பார்த்தார். "கனம் குறையல சார். உள்ள ஈரம் நிக்குது. மூடின பெட்டியில பூஞ்சை பிடிச்சிரும்."

"நேரம் இல்லையே?"

"ஒரு மத்தியானம் குடுங்க."

நசீர் கையை எடுத்துக்கொண்டார். "சரி. நீங்க சொன்னா சரி."

பிலோமினா கிளையைத் தோளில் போட்டுக்கொண்டு, தெருமுனையில் பேக்கரி வைத்திருந்த மாசாணத்திடம் போனார். காலை ரொட்டி முடிந்து அடுப்பு ஆறிக்கொண்டிருந்தது.

"மாசாணம், அடுப்புல மிச்சச் சூடு இருக்கா? இதைக் காயவைக்கணும்."

"எதுக்கு சிஸ்டர்?"

"பாம்புக்கு."

மாசாணம் எழுந்து நின்றுவிட்டார். "விளையாடறீங்களா? நாளைக்கு எவன் என் ரொட்டியை வாங்குவான்?"

"ரெண்டு தடவை கொதிச்ச கட்டை. உன் ரொட்டித் தட்டைவிடச் சுத்தம்."

"பாம்பு இதைத் தொட்டிருக்கா?"

"இனிமேதான் தொடணும்."

மாசாணம் சற்று நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு அடுப்புக் கதவைத் திறந்துவிட்டார்.

கருகிவிடாமல் பார்த்துக்கொண்டு பிலோமினா மத்தியானம் முழுக்க அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது திருப்பிப் போட்டார். கடைசியில் எடுத்துப் பார்த்தபோது கிளை கூடைபோல லேசாக இருந்தது.

சூடு ஆறியதும் ரவிக்கைக் கையை ஒதுக்கி, முழங்கையின் உள்பக்கத்தை அதன்மேல் மெதுவாக இழுத்தார். ஓரிடத்தில் சுருக்கென்றது. அந்த முனையை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார். பட்டையின் சொரசொரப்பை மட்டும் அப்படியே விட்டார். நசீரும் அவரும் சேர்ந்து பெட்டியின் அடிப்பலகையோடு கிளையைத் திருகாணியால் முடுக்கினார்கள். பிலோமினா தன் முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

மறுநாள் காலை சீமாட்டி கிளையில் ஏறியது. இரண்டாகப் பிரியும் இடத்தில் மூக்கை வைத்துத் தேய்த்தது. உதட்டோரம் தோல் விடுபட்டது. பிறகு அது அவசரமில்லாமல் முன்னே நகர, பழைய சட்டை காலுறைபோல உட்புறம் வெளியாகத் திரும்பிக்கொண்டே பின்னால் கழன்றது. வால்நுனி வரை, ஒரே துண்டாக.

பிலோமினா அதை இரு கைகளிலும் ஏந்தி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தலைப் பகுதியில் வட்டமாக இரண்டு கண்ணாடிச் சில்லுகள்.

"கண்ணு ரெண்டும் வந்திருச்சு சார்! பழசும் சேர்ந்தே வந்திருச்சு!"

பிலோமினா குதித்தார். நசீர் கைதட்டினார். செய்தி கேட்டு ஓடிவந்த மாசாணம், உள்ளே வரப் பயந்து, வாசலில் நின்றபடியே, "என் அடுப்பு! என் அடுப்பாக்கும்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். மூவரும் சிரித்தார்கள்.

பெட்டிக்குள் சீமாட்டி புதுக் கருப்பாக மின்னியது. கிளையிலிருந்து இறங்கி, அதைத் திரும்பியும் பாராமல், ஒரு மூலையில் போய்ச் சுருண்டுகொண்டது.

பிலோமினா கண்ணாடி ஓரமாகக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இந்தக் கட்டைக்கு நான் பட்ட பாடு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது, சிஸ்டர்," என்றார் நசீர். "அவ்வளவு நல்லா செஞ்சிருக்கீங்க."