கடித்த நாயும் தளவாயின் கைக்கட்டும்

வெகு காலத்துக்கு முன்பு வெள்ளாற்றூர்ச் சீமையைப் பராங்குச ராஜா ஆண்டபோது, வெற்றிலைக்காரர் காளியப்பனின் கெண்டைக்காலை ஒரு நாய் கடித்தது. ஆனால் உமக்குத் தீங்கு செய்தது யார் என்று கேட்டால் காளியப்பன் நாயைச் சொல்ல மாட்டார். தளவாய் உக்கிரசிங்கர் என்றுதான் சொல்வார். நாய் கடித்ததோடு விட்டது. தளவாய் விடவில்லை.

ராஜாவுக்குக் காலையில் வெற்றிலை வாயில் பட்டால்தான் நாக்கு அசையும். அதனால் தினமும் முதல் ஆளாகக் காளியப்பன் வெற்றிலைக் கவுளியோடு உள்ளே போவார். நாலு வார்த்தை பேசுவார். ராஜா விழுந்து விழுந்து சிரிப்பார். படைக்கே தலைவரான தளவாயோ வெளியே நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டு வயிறெரிவார். எரிச்சல் தாங்காமல் எங்கிருந்தோ ஒரு வேட்டை நாயைக் கொண்டுவந்து ராஜாவுக்குக் கொடுத்தார். வைரம் என்று பேர். வளர்க்கும் பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டார். குற்றமில்லாதவனை வைரம் முகர்ந்துகூடப் பார்க்காது, அது நக்கினால் ஆறாத புண்ணும் ஆறும் என்று சபையில் ஓயாமல் அதன் புகழ் பாடினார்.

அந்த வைரம்தான் ஒரு காலையில் அரண்மனை வாசலில் காளியப்பனைக் கவ்வியது. வாசலில் அப்போது தளவாயைத் தவிர வேறு யாரும் இல்லை.

கோட்டை வாசல் கல்லில் அதற்குச் சட்டம் வெட்டியிருந்தது. கடிபட்ட இடத்தை உடனே ஓடும் தண்ணீரில் வெகுநேரம் கழுவ வேண்டும். கடித்த நாயைக் கொல்லக் கூடாது, ஊரை விட்டு அனுப்பவும் கூடாது. கடிபட்டவன் வாசலிலேயே பத்து நாள் கட்டிவைக்க வேண்டும். வளர்ப்பவன் சோறும் தண்ணீரும் கொண்டுவந்து கூடவே உட்கார்ந்து, தின்றதா குடித்ததா என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். பத்து நாளும் நாய் நலமாக இருந்தால் வெறி பயம் இல்லை. கடைசி வரியில், புண்ணில் நாயின் நாக்கு பட்டால் அதுவும் கடிதான் என்று இருந்தது.

காளியப்பன் வாய்க்காலில் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சபைக்கு வந்து முறையிட்டார். வெற்றிலைக்காரன் வாசலில் சோற்றுச் சட்டியோடு உட்காருவதா என்று தளவாய்க்கு உடம்பு கூசியது.

"வேலி முள் கிழித்திருக்கிறது, மகாராஜா. இவன் பொய்யன். வாடல் வெற்றிலையைத் தளிர் என்று விற்கிற வாய் வேறு எப்படிப் பேசும்?" என்றார்.

சபை சிரித்தது. நாயை நாளைக்கே மலைக்கோட்டைக்கு அனுப்பப்போவதாகவும் தளவாய் சொன்னார். காளியப்பன் தன் காலைக் குனிந்து பார்த்தார். நாய் கண்ணை விட்டுப் போனால், அதற்கு வெறி உண்டா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? தன் உயிர் நிற்குமா போகுமா என்று யாரிடம் கேட்பது?

ராஜாவுக்கு அன்று விளையாட்டுப் புத்தி. "நாளை உச்சிப்பொழுதுக்குள் தளவாய் வாயாலேயே 'கடித்தது' என்று சொல்ல வை, காளியப்பா. நாயை உன் வாசலில் கட்டச் சொல்கிறேன். முடியாவிட்டால் நாய் மலைக்குப் போகும், நீ இந்தப் பக்கம் வராதே" என்று தீர்ப்புச் சொன்னார்.

வீட்டில் மனைவி பூவாயி மறுபடி காலைக் கழுவிவிட்டாள். "எங்க அண்ணன் பந்தியில உங்க இலைக்குப் பாயசம் ஊத்த மறந்துட்டான்னு இருபது வருஷமா அவன் மூஞ்சியப் பாக்கல. இந்த நாயோட எத்தனை வருஷம் பேசாம இருப்பீங்களோ" என்றாள்.

"நாய்மேல எனக்கு என்ன கோவம்? அது என் வெத்தலைய வாடல்னு சொல்லுச்சா?" என்றார் காளியப்பன்.

மறுநாள் சபையில் ஒரே கூட்டம். வாள் பயிற்சியில் முந்தின வாரம் தோல் உரிந்த வலது கையில் துணிக்கட்டோடு தளவாய் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சங்கிலியில் வைரம். காளியப்பன் நொண்டிக்கொண்டே வந்து கீழே விழுந்து கும்பிட்டார். முள்தான் கிழித்தது, ஒரு உத்தம நாயின்மேல் பழி போட்டுவிட்டேன், போகும்முன் அதன் மகிமையை ஒரு தரம் கண்ணால் பார்க்க ஆசை என்றார்.

"என்ன மகிமை?" என்றார் ராஜா.

"தளவாய் ஐயாவின் கைப்புண் இன்னும் ஆறவில்லையே, சாமி. வைரம் நக்கினால் ஆறுமாமே. ஐயா கட்டை அவிழ்த்துக் கையை நீட்டட்டும்."

ராஜா கைதட்டினார். "நல்ல யோசனை. நீட்டும், தளவாயாரே."

தளவாய் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். இப்போது வலி இல்லை என்றார். நல்ல நேரம் பார்த்துச் செய்யலாம் என்றார். ராஜா விடுவாரா? காவலன் ஒருவன் கைக்கட்டை அவிழ்க்க, இன்னொருவன் சங்கிலியைத் தளர்த்தினான். வைரம் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தது. தளவாய் துள்ளி ராஜாவின் ஆசனத்துக்குப் பின்னால் ஒளிந்தார்.

"பிடியுங்கள் அதை. நேற்றுத்தான் ஒரு ஆளைக் கடித்திருக்கிறது. புண்ணில் நாக்கு பட்டாலும் கடிதான் என்று கல்லில் வெட்டியிருக்கிறதே!"

ராஜா சிரித்த சிரிப்பில் தாம்பூலம் முன்வரிசைக்காரர்கள்மேல் தெறித்தது.

அன்று சாயங்காலமே வைரம் காளியப்பன் வாசலுக்கு வந்தது. பின்னாலேயே சோற்றுச் சட்டியோடு தளவாய் வந்தார். பத்து நாளும் தமுக்கடித்து, "வைரம் தின்றது, வைரம் குடித்தது" என்று தெருவுக்கு அவரே சொன்னார். கேட்க அடுத்த ஊரிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வைரத்துக்கு ஒரு குறையும் இல்லை. காளியப்பன் பிழைத்தார். பூவாயி தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் வைத்தாள்.

ராஜா பட்டுச் சால்வை போர்த்தி, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார். என்னைப் பொய்யன் என்ற அதே இடத்தில் நின்று, காளியப்பன் பொய்யனும் இல்லை, அவன் வெற்றிலை வாடலும் இல்லை என்று தளவாய் சொல்ல வேண்டும் என்றார் காளியப்பன். அப்படியே ஆகட்டும் என்று உத்தரவானது. அன்று தளவாய்க்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அடுத்த வாரம் மௌன விரதம். அதற்கப்புறம் எல்லைக் காவல் என்று சாக்கு.

அதற்குப் பிறகு தினமும் ராஜாவுக்கு வெற்றிலை கொடுத்துவிட்டுக் காளியப்பன் நேராகத் தளவாய் வீட்டு வாசலில் போய் நிற்பார். கதவு திறக்காது. வைரம் மட்டும் ஓடிவந்து வாலை ஆட்டும்.

"உனக்கும் எனக்கும் ஒன்றும் பாக்கி இல்லை, போடா" என்பார் அதனிடம். "நான் நிற்பது உள்ளே இருக்கிறவருக்காக."